பிசிறு வந்த வழி

மின்கிட்டாரின் அந்த உறுமல் நமக்குப் பழக்கமானதுதான். சினிமாவில் வில்லன் படியிறங்கி வரும்போது பின்னால் கேட்கும். கல்லூரி விழா மேடையில் முதல் தட்டலிலேயே கூட்டத்தை எழுப்பிவிடும். சுரம் தெளிவாக நிற்காது. ஓரமெல்லாம் பிசிறடித்து, கரகரத்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஸ்பீக்கரே கிழிந்துவிடும் என்ற பயத்தோடு ஒலிக்கும். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய போஸ்ட்-பங்க் பாடல்களில் நம்மை உலுக்கும் முரட்டு வேகத்தில் பாதி இந்தப் பிசிறின் வேலை. கேட்பவருக்கு அது கோபத்தில் பிறந்ததாகத் தோன்றும். பிறந்தது பழுதில். பழுதைச் சரிசெய்ய மனம் வராத சிலருடைய காதுகள்தான் அதை வளர்த்தன.

கதையின் தொடக்கத்தில் கிட்டாரே இல்லை, தொலைபேசிதான் இருக்கிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய வால்வு, மெலிந்த மின் சைகையைப் பெரிதாக்கித் தரும் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி அதைத் தன் கம்பிகளில் பொருத்தியது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து பேசிய குரல் கண்டத்தைக் கடந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் கேட்டது. ஆனால் வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் கொள்ளளவுக்கு மேல் சைகையைச் செலுத்தினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான அலையில் மூல சுரத்தோடு, முதலில் இல்லாத மேல்சுரங்கள் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். நம் காதில் அதுதான் கரகரப்பு. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப நினைத்த பொறியாளர்களுக்கு இது பரம எதிரி. அந்தத் தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹரால்ட் பிளாக் வருடக்கணக்காக இதோடு போராடினார். 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது அவருக்கு விடை உதித்தது: வெளியே வரும் சைகையில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே அனுப்பினால், பிழை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிவிட்டார். இந்தத் தொலைபேசிக் கம்பெனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரகரப்பை ஒழிக்க இவ்வளவு பாடுபட்ட அந்த வீட்டின் பிள்ளைகள் இந்தக் கதையில் பலமுறை வருவார்கள்.

முப்பதுகளில் ஹவாய் கிட்டார் மோகம் அமெரிக்காவை ஆட்டியபோது, நடன அரங்கின் இரைச்சலில் தந்தியோசை எடுபடவில்லை. அதற்காகப் பிறந்தது மின்கிட்டார். கூடவே வந்த, ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப், வானொலிப் பெட்டியின் ஒன்றுவிட்ட சகோதரன், அளவிலும் சிறியது. ஏழை இசைக்கலைஞர்கள் அந்தச் சின்னப் பெட்டியைக் கடைசி எல்லைவரை திருகி வாசித்தார்கள். அது லேசாகக் கரகரத்தது. அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்களே தவிர, யாரும் தேடிப் போகவில்லை.

1951 மார்ச்சில் நிலைமை மாறியது. மிஸிஸிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரின் குழு, 61ஆம் நெடுஞ்சாலை வழியாக மெம்ஃபிஸுக்குக் காரில் வந்தது. யூனியன் அவென்யூவில் சாம் ஃபிலிப்ஸ் என்பவர் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். வரும் வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டது. காரிலிருந்து விழுந்தது என்று ஒருவர் சொல்வார், மழையில் நனைந்தது என்று இன்னொருவர் சொல்வார். எப்படியோ, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு போய்விட்டது. பழுதுபார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஃபிலிப்ஸ் கிழிந்த இடத்தில் காகிதத்தைத் திணித்து வாசிக்கச் சொன்னார். கேட்டால், கிட்டார் சாக்ஸஃபோன் மாதிரி உறுமியது. அதை ஒளிக்காமல், பதிவில் இன்னும் முன்னால் கொண்டுவந்து வைத்தார். 'ராக்கெட் 88' என்ற அந்தப் பாட்டை சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்டது. கறுப்பின ரசிகர்களின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. இசைத்தட்டில் பாடகர் ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயர் இருந்தது. குழுவின் தலைவர் டர்னரின் பெயர்கூட முன்னால் வரவில்லை. கிசார்ட்டை யார் கேட்கப்போகிறார்கள்? இன்று கோடிக்கணக்கில் விற்கும் ஒரு ஒலியின் முதல் பெரிய வெற்றி அவருடைய விரல்களில் நிகழ்ந்தது. அந்தப் பெயரை நாம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிசார்ட்டின் ஆம்ப் தானாக உடைந்தது. அடுத்தவர் வேண்டுமென்றே உடைத்தார். ஷாவ்னி பழங்குடி வேர் கொண்ட லிங்க் ரே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் ஒரு நடன நிகழ்ச்சியில் எழுந்த வாக்கில் ஒரு மெட்டை வாசித்தார். கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு ஒலிப்பதிவுக்கூடத்தில் அது அசட்டுச் சுத்தமாக ஒலித்தது. அரங்கில் இருந்த முரடு எங்கே போயிற்று? ரே ஒரு பென்சிலை எடுத்து ஸ்பீக்கரில் குத்தித் துளைகள் போட்டார். 1958இல் வெளிவந்த 'ரம்பிள்' ஒரு வார்த்தைகூட இல்லாத வாத்திய இசை. அப்படியும் சில நகரங்களின் வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. தெருச் சண்டையைத் தூண்டிவிடும் என்று அஞ்சினார்களாம். சொல்லே இல்லாத ஒன்றைத் தடைசெய்ய வைத்தது பிசிறு. அதன் சக்திக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது சம்பவம், யாரும் எதிர்பாராத இடத்தில், நாஷ்வில்லில் நடந்தது. கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொர்ரி' என்ற உருக்கமான காதல் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். நடுவே கிரேடி மார்ட்டின் தன் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் வாசித்த இடத்தில், ஒலிக்கலவை மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம் வந்தது. மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் அப்படியே விட்டுவிடலாம் என்றார்கள். 1961இல் அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது; பழுதான மேசையின் ஒலி எப்படி வந்தது என்று ஊரெல்லாம் விசாரித்தது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். பழுதைப் பிரித்துப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு, நண்பர் ரெவிஸ் ஹாப்ஸோடு சேர்ந்து அதே பழுதைச் சில டிரான்சிஸ்டர்களால் ஒரு சின்னப் பெட்டிக்குள் அமைத்தார்.

இங்கே தொலைபேசிக் கம்பெனி மறுபடி வருகிறது. டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அதே பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் பொருள்களில் ஒன்று, காது கேளாதோர் அணியும் கருவி. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் என்பதால், அவர் நினைவாக அந்தக் கருவிகளுக்கு மட்டும் காப்புரிமைக் கட்டணம் வாங்குவதில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. கேளாதவருக்கு உதவத் தொடங்கிய சாதனம் பத்தே வருடத்தில் காதைக் கிழிக்கும் பெட்டிக்குள் குடியேறியது.

ஸ்னாடி அந்தப் பெட்டியை சிகாகோவுக்கு எடுத்துச் சென்று, கிப்ஸன் கிட்டாரின் தாய்க் கம்பெனியிடம் காட்டினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. காலால் அமுக்கினால் கரகரக்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். விற்றவர்கள் இதைப் பிசிறாக விற்கவில்லை. இந்தப் பெட்டி இருந்தால் கிட்டாரில் டிரம்பெட்டும் டியூபாவும் செல்லோவும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். கடைக்காரர்கள் முதல் வருடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். ஆனால் செல்லோ வேண்டியவர் செல்லோவையே வாங்குவார் அல்லவா? பெட்டிகள் அலமாரியிலேயே தூங்கின. அடுத்த இரண்டு வருடங்களில் புதிய ஆர்டர் கிட்டத்தட்ட நின்றே போனது.

அதற்குள் லண்டன் தன் சொந்த வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லில் டேவ் டேவிஸ் என்ற பதின்வயதுப் பையன், எல்பிகோ என்ற மலிவான பச்சை ஆம்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கிழித்துவிட்டான். அந்த ஒலியோடு 1964இல் கிங்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' இங்கிலாந்தின் முதலிடத்துக்குப் போனது. இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1965 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போகும் வழியில் அந்தக் குழு பம்பாயில் தங்கியது. விடியலில் மீனவர்கள் பாடிக்கொண்டு போவதைக் கேட்ட டேவின் அண்ணன் ரே டேவிஸ், அதை மனத்தில் வைத்து 'சீ மை ஃபிரண்ட்ஸ்' எழுதினார். அதில் கிட்டார் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நூலைச் செருகி ஜீவா சேர்க்கும் நம்மவர்களுக்கு இந்த ஆசை நன்றாகப் புரியும். தந்தி சும்மா ஒலித்தால் போதாது, கொஞ்சம் அதிர்ந்து, மேல்சுரங்களை உதிர்த்து, உயிரோடு இருக்க வேண்டும்.

நாஷ்வில் பெட்டியை அலமாரியிலிருந்து எழுப்பியவர் கீத் ரிச்சர்ட்ஸ். 1965 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டை முதலில் சிகாகோவில் பதிவு செய்து பார்த்தார்கள். அதுவும் எங்கே? 'ராக்கெட் 88'ஐ வெளியிட்ட அதே செஸ் கம்பெனியின் கூடத்தில். சரிப்படவில்லை. இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டில் மறுபடி முயன்றபோது ரிச்சர்ட்ஸ் ஃபஸ்-டோனை அமுக்கினார். பிற்பாடு பித்தளை ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்தை இந்தக் கரகரப்பால் அடையாளம் செய்து வைப்பதுதான் அவருடைய எண்ணம். விளம்பரம் சொன்னபடியே பெட்டியைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது! மற்றவர்கள் இதுவே போதும் என்று சொல்லி வெளியிட்டுவிட்டார்கள். பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனது. தூங்கிக்கொண்டிருந்த பெட்டிகள் அந்த வருடம் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. அதே ஜூலையில் ஓட்டிஸ் ரெடிங் அந்தப் பாட்டைப் பித்தளை ஊதுகருவிகளோடு, ரிச்சர்ட்ஸ் மனத்தில் கேட்ட விதமாகவே, தன் கூடத்தில் பாடிப் பதிவு செய்தார். அந்தக் கூடம் இருந்த ஊர் மெம்ஃபிஸ். உடைந்த கிட்டார் சாக்ஸஃபோனாகக் கேட்ட ஊரில், பதினான்கு வருடம் கழித்து, நிஜ ஊதுகருவிகள் உடைந்த கிட்டாரின் இடத்தை நிரப்பின.

பிறகு நகலெடுப்பவர்களின் காலம். லண்டனில் கேரி ஹர்ஸ்ட், ஃபஸ்-டோனின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்ற குறையைக் கேட்டு, அதைத் திருத்தி 'டோன் பெண்டர்' செய்தார். அதைப் பார்த்து ஆர்பிட்டர் கம்பெனி 1966இல் வட்ட வடிவ 'ஃபஸ் ஃபேஸ்' செய்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வந்த வடிவம் அது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது அதுதான். ஜப்பானில் ஷின்-எய் கம்பெனி செய்த பெட்டி 'யூனிவாக்ஸ் சூப்பர்-ஃபஸ்' என்ற அமெரிக்கப் பெயரோடு கப்பலேறியது. நியூயார்க்கில் ஐபிஎம் விற்பனையாளராக இருந்த மைக் மேத்யூஸ் 1968இல் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் தொடங்கினார். அவருடைய புகழ்பெற்ற 'பிக் மஃப்' பெட்டியை வடிவமைத்த பாப் மையர் எங்கே வேலை பார்த்தவர் தெரியுமா? பெல் ஆய்வகத்தில்! ஹரால்ட் பிளாக் கரகரப்பைக் கொல்ல வழி கண்டுபிடித்த அதே நிறுவனத்தின் பொறியாளர், அலையை ஒருமுறை வெட்டியது போதாதென்று இரண்டு கட்டமாக வெட்டும் சுற்றை வரைந்தார். நகலின் நகலின் நகல். ஆனால் ஒவ்வொன்றும் மூலத்திலிருந்து கொஞ்சம் விலகியது, அந்த விலகலுக்கே ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

பிசிறைக் காப்பாற்றியவர்கள் மட்டுமே இந்தக் கதையில் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1967இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் 'சிஸ்டர் ரே' என்ற பதினேழு நிமிடக் கூச்சலைப் பதிவு செய்தபோது, ஒலிப்பொறியாளர் இதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது என்று எழுந்து போய்விட்டதாகக் குழுவின் லூ ரீட் சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் அதிகம் விற்கவில்லை. வாங்கியவர்கள் கிளீவ்லாந்திலும் பாஸ்டனிலும் மினியாபொலிஸிலும் வீட்டு நிலவறைகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். 1975இல் கிளீவ்லாந்தின் பேர் ஊபு தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. பெரிய கம்பெனி இல்லை, நல்ல ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பணம் இல்லை. கையில் இருந்தவை மலிவான கிட்டாரும் காலால் அமுக்கும் ஒரு பெட்டியும் ஆம்பும்தான். அந்த வறுமையிலிருந்தே போஸ்ட்-பங்க் தன் மொழியைச் செய்துகொண்டது.

அந்த மொழி முழு உயரத்தில் நிற்பதை நான் கேட்பது, பாஸ்டனின் மிஷன் ஆஃப் பர்மா குழுவிடம். 1979இல் தொடங்கிய குழு. அவர்களுடைய 'தட்ஸ் வென் ஐ ரீச் ஃபார் மை ரிவால்வர்' 1981இல் வந்தது. எழுதியவர் பேஸ் கலைஞர் கிளின்ட் கான்லி. சரணம் அடக்கி வாசிக்கப்படுகிறது, ஏதோ ஒன்றைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறவரின் நடையில். பல்லவி வந்ததும் ராஜர் மில்லரின் கிட்டார் முழுப் பிசிறோடு திறந்துகொள்கிறது. வேகமோ சத்தமோ மட்டும் இந்த வலிமையைத் தராது. அதுவரை பிசிறைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்ததுதான் தருகிறது. லிங்க் ரே தொடக்கம் முதல் முடிவுவரை உறுமினார். ரிச்சர்ட்ஸ் காலால் அமுக்கி உறுமலைக் கொண்டுவந்தார், அமுக்கி நிறுத்தினார். பாஸ்டன் இளைஞர்கள் அந்த அமுக்கலுக்கு முந்தைய காத்திருப்பையே பாட்டாக்கினார்கள். இதில் மார்ட்டின் ஸ்வோப் என்ற நான்காவது ஆளையும் சொல்ல வேண்டும். அவர் மேடைக்கே வரமாட்டார். ஒலிக்கலவை மேசை அருகே உட்கார்ந்து, மற்ற மூவரும் வாசிப்பதில் துண்டுகளை டேப்பில் பிடித்து, திரித்து, திருப்பி அவர்கள் மீதே விடுவார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த ஆவி ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வெளியே வந்ததில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பு என்று ஹரால்ட் பிளாக் படகில் எழுதியது நினைவுக்கு வருகிறதா? அவர் பிழையைக் குறைக்க அனுப்பினார். ஸ்வோப் பெருக்க அனுப்பினார்.

இதற்கு விலை இருந்தது. மில்லரின் காதுகளில் இடைவிடாத இரைச்சல் நோய் முற்றியது. 1983இல் குழு கலைந்தது. மக்கள் அவர்களைக் கண்டுகொள்ளத் தொடங்கிய நேரத்தில். பத்தொன்பது வருடம் கழித்து மறுபடி சேர்ந்தபோது மில்லர், துப்பாக்கி சுடும் பயிற்சியில் அணிகிற காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு மேடையேறினார். டிரம்ஸைச் சுற்றி ஒளி ஊடுருவும் தடுப்பு நிறுத்தப்பட்டது. முரட்டு ஒலியை வியந்து எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். அந்தக் காதுகள்தான் நமக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தவை.

அடக்கிப் பிறகு வெடிக்கும் அந்த முறையை அதே பாஸ்டனில் 1986இல் தொடங்கிய பிக்சீஸ் குழு இன்னும் கூர்மையாக்கியது. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எழுதும்போது பிக்சீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்தேன் என்று நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்ன் மறைக்காமல் சொன்னார். 1991இல் அந்தப் பாட்டு உலகைச் சுற்றியபோது அவர் காலடியில் இருந்தது ஜப்பானின் பாஸ் கம்பெனி செய்த சின்ன ஆரஞ்சு நிறப் பெட்டி. சியாட்டிலின் மட்ஹனி குழுவோ அதற்கு மூன்று வருடம் முன்பே தன் இசைத்தட்டுக்கு 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்' என்று பெயர் வைத்து, ஷின்-எய் பெட்டிக்கும் மேத்யூஸின் பெட்டிக்கும் தன் கடனைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருந்தது.

மேத்யூஸின் கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்தில் திவாலாகியிருந்தது. அவர் அடுத்துப் போன இடம் சோவியத் ஒன்றியம். மேற்கு நாடுகள் டிரான்சிஸ்டருக்கு மாறி வால்வுத் தொழிற்சாலைகளை மூடிக்கொண்டிருந்தபோது, வோல்கா கரையில் சராத்தோவ் நகரத்தில் இன்னும் வால்வுகள் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றை 'சோவ்டெக்' என்ற பெயரில் அமெரிக்கக் கிட்டார் ஆம்புகளுக்கு விற்றார். பிற்பாடு தொழிற்சாலையையே வாங்கினார். பிக் மஃப் பெட்டியும் தொண்ணூறுகளில் ரஷ்யாவில் செய்யப்பட்டு, ராணுவப் பச்சை நிறத்தில் அமெரிக்காவுக்குத் திரும்பியது. பனிப்போரின் இருபுறத்தையும் தொட்டுவந்த அந்தப் பச்சைப் பெட்டிக்காகச் சேகரிப்பாளர்கள் இன்றும் அலைகிறார்கள்.

2018இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், தனிப் பாடல்களைக் கௌரவிக்கத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே 'ராக்கெட் 88'உம் 'ரம்பிளும்' இருந்தன. 2022இல் கிப்ஸன் மேஸ்ட்ரோ பெயரை உயிர்ப்பித்து, ஃபஸ்-டோனை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருடம் மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தது. சராத்தோவ் வால்வுகள் வராது என்று மேத்யூஸ் அறிவித்ததும் உலகமெங்கும் கிட்டார் கலைஞர்கள் கடைகளில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் வழி பிறந்தாலும் விலை இறங்கவில்லை. அந்தத் தட்டுப்பாட்டின்போது, கிட்டார் ஆம்புக்கான வால்வுகளை இனி அமெரிக்காவிலேயே செய்யப்போவதாக ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வில்லிலிருந்து ஒரு நிறுவனம் அறிவித்தது. அதன் பெயர் வெஸ்டர்ன் எலக்ட்ரிக். ஒரு காலத்தில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்கு வால்வுகள் செய்துகொடுத்த தொழிற்பிரிவின் பெயர் அது.